கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

அன்பு மகளுக்கு,

நேரில் சொன்னால் திட்டுவாய், அதனால் எழுதுகிறேன். பிரசவம்வரை நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும், வீங்கிய காலோடு நின்றுதான் பில் போடுகிறாய். இன்று நீ ஸ்கேனுக்குப் போன நேரத்தில் நீ வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மேலாளரைக் கண்டதும் மறந்துவிட்டது; உனக்கு ஒரு ஸ்டூல் வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

“உக்காந்து பில் போட்டா கஸ்டமருக்கு மரியாதையா இருக்காது பெரியவரே.”

“அப்போ மரியாதைக்கு நான் நிக்கிறேன் தம்பி. அவ உக்காரட்டும்.”

சிரித்தார். நான் நகரவில்லை. வரிசையில் நின்ற ஓர் அம்மாள், “ஏம்ப்பா, புள்ளத்தாச்சிக்கு ஒரு ஸ்டூல் போட்டா கடை இடிஞ்சிடுமா?” என்றார்.

“பாக்கலாம்” என்றார் மேலாளர். அதை நம்பலாமா, தெரியவில்லை.

நாளை ஸ்டூல் இருந்தால் உட்கார்ந்துகொள். இல்லாவிட்டால் கவுண்டர் பக்கத்தில் நான் நிற்பேன். வெட்கமாக இருந்தால் என்னைத் தெரியாதது போல் இருந்துகொள்.

உன் அப்பா