மேடையில் அக்காவின் ஐந்து நிமிடம்

அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகுவலி எப்படி இருக்கிறது? தண்ணீர் சுமக்காதே என்றால் நீ எங்கே கேட்கப்போகிறாய்!

இந்த மாதம் பதினேழாம் தேதி வறுமை ஒழிப்பு நாள். 'வறுமை மனித உரிமை மீறல்' என்று பொறித்த கல்லை எங்கள் அலுவலக வாசலில் திறக்கிறார்கள். வறுமையில் வாழும் ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். மேலாளர் கேட்டபோது யாருக்கும் யாரையும் தெரியவில்லை. கூட்டத்தில் வாயே திறக்காத நான், "எங்க அக்கா இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு காதெல்லாம் சூடாகிவிட்டது.

வருவாயா? நம் வரிசை வீடுகளின் குழாயில் எட்டு மாதமாகத் தண்ணீர் வராததைச் சொல்லலாம். அதைச் சரிசெய்ய உத்தரவு போடக்கூடிய அதிகாரிதான் விழாவுக்குத் தலைமை.

உன் பாப்பா

அக்டோபர் 8

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தது என் தப்பு. வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. தையல்கார அண்ணி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "நான்தான் அதிகாரி, பேசுடி" என்கிறாள். ஆரம்பித்தால், "இப்படி இழுத்தா அவர் தூங்கிடுவாரு" என்று அதட்டுகிறாள். இப்போது நாலரை நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

சலவைக்கூடத்தில் லீவு கேட்டதற்கு முதலாளியம்மா, "மேடைக்கா? நீயா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

அக்கா

அக்டோபர் 19

அக்கா,

பேருந்து ஏறும்வரை நீ ஒன்றும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விழாவுக்கு முந்தைய நாள் மாலை மேலாளர் நிகழ்ச்சி நிரலில் உன் ஐந்து நிமிடத்தை அடித்துவிட்டார். "குறை சொல்ற நாளாம்மா இது? வறுமையில செத்தவங்களுக்கு மௌன அஞ்சலி இருக்கு, அதுக்கு அவங்க மேடையில நின்னா போதும்" என்றார். "சரி சார்" என்று திருத்தித் தட்டச்சு செய்தது நான்தான். நீ அப்போது ஊரிலிருந்து கிளம்பிவிட்டிருந்தாய்.

காலையில் சொல்லிவிட நினைத்தேன். நீ என் அறைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னால் முடியவில்லை.

மைக் முன்னால் நீ வாயைத் திறந்தபோது "ஒரு நிமிடம் மௌனம்" என்று அறிவித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் கையிலிருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டியாவது எழுது.

பாப்பா

அக்டோபர் 27

பாப்பாவுக்கு,

திட்ட என்ன இருக்கிறது? அந்த வேலையும் போனால் நாம் இரண்டு பேரும் எங்கே போவோம்?

வந்து இறங்கியதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "சொன்னியாடி?" என்றாள் தையல்கார அண்ணி.

"சொன்னேன் அண்ணி."

"என்ன சொன்னாரு?"

"நல்லா கேட்டுக்கிட்டாரு."

உன் பேரை இழுக்க மனசு வரவில்லை.

மறுநாள் விடிவதற்குள் எல்லோரும் குடங்களைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டார்கள். இன்றோடு ஒன்பது நாள். வெயில் ஏறியதும் காலிக் குடங்களை எடுத்துப் போகிறார்கள்.

நானும் என் குடத்தைக் கொண்டுபோய் வைக்கிறேன், பாப்பா. வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

அக்கா