சிவப்புப் புள்ளியில் நிற்கும் முள்

மாமா,

இன்று காலை உங்கள் பழைய ஸ்டீரியோவைத் துடைத்தேன். ரேடியோக் கண்ணாடியில் நான் வைத்த நகப்பூச்சுப் புள்ளி இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. முள்ளும் அதற்கு நேரே நிற்கிறது, நீங்கள் கடைசியாக விட்ட இடத்தில். உங்கள் பேத்திக்குப் பாட்டெல்லாம் கைபேசியில்தான் என்பதால் அதை யாரும் திருகவில்லை. "இந்தப் புள்ளி எதுக்கும்மா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தொடங்கியதும் உங்களிடமே பேச வேண்டும் போல் ஆகிவிட்டது.

மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து, கால் ஒடிந்து நீங்கள் படுத்திருந்த வருடம். அவள் அப்போது பிறக்கவில்லை. உங்கள் மகனுக்குப் பெங்களூரில் வேலை. மாதம் ஒருமுறைதான் மலைக்கு வருவார். அவர் வாங்கித் தந்த மடிக்கணினி நிறையப் பாட்டு இருந்தது. அது என் அறையில், ஸ்டீரியோ முன்னறையில் உங்கள் கட்டிலருகே. நடுவே ஒயர் இழுத்தால் உங்கள் ஊன்றுகோலில் சிக்கும். அதனால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி வாங்கி வந்தார். மடிக்கணினியில் ஹெட்போன் மாட்டும் துளையில் அதைச் செருகினால், அதுவே ஒரு குட்டி எஃப்.எம். நிலையம். ரேடியோ முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்தினால் பாட்டு சுவரைத் தாண்டி ஸ்டீரியோவில் வந்துவிடும். அந்த இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியத்தான் சிவப்புப் புள்ளி.

மருமகளிடம் மாமனார் நேருக்கு நேர் பேசுவது நம் வீட்டுப் பழக்கமில்லை. நான் வாழ வந்த நாளிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் நீங்கள் வாசற்படியைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். "வெந்நி வெச்சாத் தேவல." "அந்த முருகன் பாட்டு வந்தாத் தேவல." நான் கதவு நடுவே நின்றால் பாட்டு கரகரக்கும். "குறுக்க நிக்காம இருந்தாத் தேவல" என்று அதையும் படியிடம்தான் சொல்வீர்கள். அந்தப் படி என்ன பாவம் செய்ததோ என்று உள்ளே போய்ச் சிரிப்பேன். நான் போட்ட பாட்டு பிடித்திருந்தால் கட்டில் சட்டத்தில் உங்கள் விரல் தாளம் போடும். பிடிக்காவிட்டால் செருமுவீர்கள். நமக்குள் அதுதான் பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் அடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. பி.எட். முடித்துவிட்டு அடுப்படியில் இருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் வேலை கிடைத்தால், காலையில் செம்மேட்டில் பஸ் ஏறிப் பொழுது சாய்ந்துதான் திரும்ப முடியும். படுத்திருக்கும் உங்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? உங்கள் மகனிடம்கூடச் சொல்லவில்லை. ஆசை மட்டும் விடவில்லை. மடிக்கணினியில் என் குரலைப் பதிந்து, பதில் சொல்லிப் பழகினேன். முடித்த பிறகு பதிவை நிறுத்தாமலே புலம்பியும் தொலைத்தேன்.

பேசியதைக் கேட்கலாமென்று போட்டால், மடிக்கணினியில் மூச்சுப் பேச்சில்லை. ஒலியைக் கூட்டினேன். முன்னறையில் என் குரல் முழங்கியது.

"வணக்கம். குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

செருகியபடியே மறந்துவிட்ட கருவியைப் பிடுங்கவும் தோன்றவில்லை. கடைசியில் அந்தப் புலம்பலும் வந்தது. "இதெல்லாம் எதுக்கு? மாமாவை இப்படிப் போட்டுட்டு நான் எங்க போறது? எனக்குக் கொடுத்து வெக்கல."

பிறகு வெறும் இரைச்சல். நீங்கள் செருமுவீர்கள் என்று காத்திருந்தேன்.

"கண்ணு, இங்க வா."

கதவருகே வந்து நின்றேன். ஸ்டீரியோ கரகரத்தது. நீங்கள் படியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"இன்னொருக்கா போடு. நல்லாத்தான் பேசுன. ஒவ்வொரு பதிலும் முடியறப்பத்தான் வேகமா ஓடீர்ற. மெதுவாச் சொல்லு."

"அந்தக் கடைசிப் பேச்சு, மாமா..."

"அதை அழிச்சுப் போடு. சோறாக்கி மூடி வெச்சுட்டுப் போ. கால்தான் ஒடிஞ்சுது, எடுத்துத் திங்கக் கையிருக்குதுல்ல?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதன்பின் தேர்வு நாள் வரை ஸ்டீரியோவில் பாட்டே இல்லை, என் குரல்தான். ஒருநாள் என் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டில் சட்டத்தில் தாளம் கேட்டது. வேலை கிடைத்துவிட்டது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். தேர்வுக்குக் கிளம்பிய காலையில் ஊன்றுகோலோடு வாசல்வரை வந்தீர்கள். "மெதுவா, சாமி" என்றீர்கள், அவ்வளவுதான்.

அதே பள்ளிக்கூடத்தில்தான் இன்றும் கணக்குச் சொல்லித் தருகிறேன். கால் தேறிய பிறகும் நீங்கள் படியிடம் பேசவே இல்லை, என்னிடம்தான் பேசினீர்கள். இருந்தும் உங்களுக்கு நான் ஒரு நன்றி சொன்னதில்லை. நம் வீட்டில் அந்தச் சொல் புழங்கியதில்லை. இப்போது சொல்கிறேன், மாமா. உங்களுக்கு ரொம்ப நன்றி.

துடைத்து முடித்ததும் ஸ்டீரியோவைப் போட்டுப் பார்த்தேன். வெறும் இரைச்சல்தான். முள்ளை நகர்த்தாமல் அணைத்துவிட்டேன்.

வகுப்பில் மணியடிக்கப் போகும் நேரம், கணக்கின் கடைசி வரிக்கு வரும்போது நாக்கு இப்போதும் ஓடப் பார்க்கிறது. ஒரு நொடி நிறுத்திக்கொள்கிறேன். பிறகு மெதுவாகச் சொல்கிறேன், மாமா.