மண் மூடிய மான்

12 அக்டோபர் 1976, செவ்வாய்
டொராண்டோ

ஆல்பர்ட்டா மலையில் சாலை அளக்கப் போயிருக்கும் அப்பாவிடமிருந்து இன்று கடிதம் வந்தது. கூடாரத்துக்குப் பின்னால் யாரோ பாதி மண் போட்டு மூடிய மான் கிடக்கிறதாம். அண்டங்காக்கைகள் சுற்றுகின்றனவாம். தூரத்தில் ஒரு கரடியையும் பார்த்தாராம்.

அம்மா சிரித்தாள். "உங்கப்பா நல்லா கரடி விடறார்டி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரிஸ்லி கரடி தின்றது போக மிச்சத்தை மண்ணால் மூடிவிட்டுத் திரும்பி வரும் என்று போன வாரம்தான் வகுப்பில் படித்தோம். ஓநாய்கூடக் கிட்டே போகத் தயங்குமாம். கரடியின் மேல் தவறில்லை, அது அதன் சாப்பாடு. அப்பாவுக்குத்தான் தெரியாது.

அம்மாவிடம் சொன்னேன். "நீயும் கரடி விடறியா? போய்த் தூங்கு" என்றாள்.

போர்வைக்குள் டார்ச் வைத்து, "கூடாரத்தை மாற்றுங்கள் அப்பா" என்று எழுதிவிட்டேன். உறையை ஒட்டும்போதுதான் அவர் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். அவர் எழுதி ஒன்பது நாள் ஆகிவிட்டது.