சுத்தமான பாட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உனக்கு இந்த வார்த்தையை இன்னும் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் நலம். எனக்குப் புருவத்தில் தையல், வலது கண் வீங்கி மூடியிருக்கிறது. முதலாளி கண்ணாடிக் கடைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். "ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டு அளவெடுத்தா கண்ணாடி போகாதுடா, உன் விரல்தான் போகும்" என்றார்.

உன் இடது காதைப் பற்றி நீ எழுதுவதே இல்லை. டாக்டரிடம் போனாயா?

அப்பாவின் கடிதம் இதற்கு முன்பே வந்திருக்கும். அத்தான் மனந்திரும்பிவிட்டார், உடனே புறப்பட்டு வா என்று. அது ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எழுதியது. ஞாயிறு நடந்ததைப் படித்துவிட்டு முடிவு செய். பெட்டி கட்டியிருந்தால் பிரித்துவிடு.

முதலில் தையல்காரம்மா. நீங்கள் மாடியில் குடியிருந்தபோது கீழே இருந்தாரே, அவர்தான். ஜன்னல் கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். உன்னை விசாரித்தார். "உங்க அக்கா வீட்ல ரொம்ப பக்திப்பா. மனசைக் கழுவச் சொல்லி ஒரு பாட்டு இருக்குமே, அதையே திரும்பத் திரும்பப் போடுவாங்க, சுவர் அதிரும். நாற்காலியெல்லாம் உருளும். துள்ளித் துள்ளி ஆராதனை பண்றாங்கன்னு நெனைச்சுக்குவேன்" என்றார்.

நான் கண்ணாடியைச் சட்டத்துக்குள் அழுத்திக்கொண்டிருந்தேன். மூலை உடைந்தது. வேறு துண்டு வெட்டினேன்.

வாலிபர் கூட்டத்தில் அத்தான் எடுத்த பாடம் நினைவிருக்கிறதா? எந்தப் பாட்டைக் கேட்பதற்கு முன்னாலும், இயேசு பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்பாரா என்று உன்னையே கேட்டுப் பார். நாங்கள் கேட்டுப் பார்த்தோம். வரிசையில் நின்று ஆளாளுக்குப் போனிலிருந்து பாட்டுகளை அழித்தோம். அவர் ஒவ்வொரு தலையிலும் கை வைத்து ஜெபித்தார். கனமான கை.

நீ பாத்திரம் கழுவும்போது ஒரு சினிமாப் பாட்டை முனகினாய். அவருக்குப் பிடிக்கவில்லை. நீ எங்களிடம் சொன்னது அவ்வளவுதான். மீதியைத் தையல்காரம்மா தெரியாமலே சொல்லிவிட்டார். வீட்டைச் சுத்தப்படுத்தப் பாட்டு. உன்னைச் சுத்தப்படுத்தக் கை.

ஞாயிறு. நான் வழக்கம்போல ஆலயத்தின் கடைசியில், மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால். அவர் சாட்சி சொல்ல எழுந்தார். கையில் ஒயரில்லாத மைக். தன் மனைவியை உலகப் பாட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். அவளை மன்னித்து ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கிறாராம். முன்வரிசையில் அப்பா அழுதார். சபை ஆமென் என்றது.

பிறகு பாட ஆரம்பித்தார். அதே பாட்டு.

என் விரல் அவருடைய மைக்கின் சத்தத்தைக் கீழே இழுத்தது. விரல் என்று எழுதுவது கோழைத்தனம். நான் இழுத்தேன்.

இரண்டு வரி வெறும் தொண்டையில் பாடினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே நடுவழியில் நடந்து வந்தார். "என்ன மச்சான், தூங்கிட்டியா?" என்றார். அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் என்றேன், மெதுவாகத்தான். சிரிப்பு நின்றது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது.

பின்மண்டை முடியைப் பிடித்து என் முகத்தை மிக்ஸரில் மோதினான். புருவம் கிழிந்தது. மறுபடி மோதினான். என் கன்னம் பட்டு எல்லாச் சத்தப் பித்தான்களும் மேலே ஏறின. ஒலிபெருக்கிகள் கிறீச்சிட்டன. கிறீச்சல் அடங்கியதும், அவன் கையிலிருந்த மைக் வழியாக ஆலயம் முழுக்க அவன் குரல் கேட்டது. "உங்க அக்கா ஒத்தைக் காதோட ஓடினா. உனக்கு ரெண்டும் போகணுமாடா?"

பாட்டு இல்லாமல் அவன் அடிப்பதைச் சபை முதல் தடவையாகக் கேட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. கைக்கு அகப்பட்ட மைக் ஸ்டாண்டால் அவன் முழங்காலில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தமும் ஒலிபெருக்கியில் வந்தது. அக்கா, அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. அதற்காக மன்னிப்புக் கேட்க முழங்கால் போடுகிறேன். ஜெபம் வரவில்லை.

போதகர் அவனுக்குள்ளிருந்து பேசியது சத்துரு, அந்தச் சாத்தான் என்கிறார். சத்துருவுக்கு உன் காதைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஜெபிப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டார். அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். நடக்க முடிந்ததும் தானே வந்து உன்னை அழைத்துவருவதாகப் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறான். மூன்றாம் நாள் அப்பா, "அவனும் மனுஷன்தானே, ஏதோ கோபம்" என்றார்.

அம்மா எழுந்து போய் அப்பாவின் பைபிளுக்குள் இருந்த உன் விலாசத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். அவருக்கு அது மனப்பாடம் இல்லை என்று நம்புகிறோம். நம்பிக்கையோடு நிறுத்திவிடாதே. வேறு அறை பார். புது விலாசத்தைக் கடை முகவரிக்கு எழுது.

பிறகு அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, நீ முனகுவாயே, அந்தச் சினிமாப் பாட்டைப் போனில் தேடித் தரச் சொன்னாள். கிடைத்தது. ஒருவன் ஒருத்தியை மழை விடும்வரை நிற்கச் சொல்கிறான். வேறொன்றும் இல்லை. கடைசிவரை நின்றுகொண்டே கேட்டாள். "இதுக்கா?" என்றாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பார்த்தே வளர்ந்தோம். பாட்டு ஓடும்போது அறையில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் இன்னும் விசுவாசிதான். இயேசு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரா என்று இன்னும் கேட்கிறேன். உங்கள் மாடி வீட்டில், அந்த நாற்காலிகள் உருண்டபோது, அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்றும் கேட்கிறேன். உன் பக்கத்தில், தரையில் என்றுதான் நினைக்கிறேன். வேறு மாதிரி நினைத்தால் என்னால் தாங்க முடியாது.

நீ வேலை செய்யும் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ரேடியோ ஓடும் என்று எழுதியிருந்தாய். எதைப் போட்டாலும் கேள். பிடிக்காவிட்டால் மாற்று. சத்தமாகப் பாடு.

வராதே அக்கா.

கர்த்தர் உன் வலது காதைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் தம்பி