பச்சை வானம்

என் வாயாடிக்கு,

இன்று மொட்டைமாடியில் சூரிய உதயத்தைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் நானே நிறம் திருத்தினேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்பது மகளுக்குக்கூடத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "சிவப்பக் குறைங்க, அது வானமா தக்காளியா?" என்று நீ அதட்டி அதட்டியே என் ஸ்டூடியோ பிழைப்பு ஓடியது.

மகள் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, வானம் பச்சையா இருக்கு?"

"இன்னைக்கு அப்படித்தாம்மா விடிஞ்சுது" என்று சமாளித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சட்டம் போட்டு மாட்ட உன் படம் வேண்டுமாம். நீ சிரிக்கும் படம் ஒன்று இருக்கிறது. விளக்கடியில் எடுத்ததால் முகமெல்லாம் மஞ்சளாய் விழுந்திருக்கிறது, நிறம் திருத்தியே ஆகவேண்டும்.

வானம் எப்படியோ போகட்டும். உன் முகத்தில் நான் எப்படித் தனியாகக் கை வைப்பேன்? உன் நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை வந்து, "போதும்" என்று சொல்லிவிட்டுப் போயேன்.

உன் அதட்டலுக்குக் காத்திருக்கும்
வீட்டுக்காரன்