கணவர் பெயர் என்ற கட்டம்

3-2-1975
பால்வாடிக்கு இன்று இருபத்திரண்டு பிள்ளைகள். கஞ்சி போதவில்லை.

மெட்ராஸ் மாதர் சங்கத்திலிருந்து ஒரு கட்டுத் தாள் வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கறுப்புப் பெண்கள் பாஸ் சீட்டு இல்லாமல் தெருவில் நடக்கக் கூடாதாம். டவுனில் வேலை செய்கிற புருஷனோடு மூன்று நாளுக்கு மேல் தங்கினால் ஜெயில். ஒருத்தி கைக்குழந்தையோடு உள்ளே இருக்கிறாளாம். அதை எதிர்த்து ஐ.நா.வுக்கு மனு. எங்கள் ஊரிலிருந்து நூறு பெண்கள் வேண்டும். மூன்று தரம் படித்தேன்.

7-2
நவரைப் பட்டத்து நெல் நடவு. வரப்பில் நின்று படித்துக் காட்டினேன். குப்பம்மாள் நாற்றைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "புருசங்கூட இருக்கறதுக்குச் சீட்டா? எவன்டா அவன்?" சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முதல் ரேகை வைத்தது அவள்தான்.

தாளில் 'கணவர் பெயர்' என்று ஒரு கட்டம். யார் வாயைத் திறப்பார்கள்? பச்சையம்மா திருத்தணிப் பக்கம் கை காட்டி, "அந்த மல மேல கீறாரே, அவரு பேரு" என்றாள். ஒரே சிரிப்பு. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

12-2
அறுபத்து மூன்று பேர் ஆச்சு.

16-2
பஞ்சாயத்துத் தலைவர் பரசுராமன் பால்வாடிக்கே வந்துவிட்டார். தாளைப் புரட்டினார். "புருசன் பேரு ஒண்ணுகூட இல்ல. ஆம்பளைங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். மீறி அனுப்பின, சாவிய வெச்சுட்டுப் போய்னே இரு."

கட்டடம் பஞ்சாயத்துடையது. இருந்தும் கேட்டுவிட்டேன். "அங்க வெள்ளைக்காரன் சீட்டு கேக்கறான், இங்க நீங்க கேக்கறீங்க. இன்னா வித்தியாசம் தலைவரே?" முகம் சுண்டிப்போச்சு.

வீட்டில் இவரும் கத்தினார். "ஏய், ஆப்பிரிக்கா எங்க கீது, நீ எங்க கீற? ஊர் வம்பு உனக்கு இன்னாத்துக்கு?" பன்னிரண்டு வருஷமாக நான் 'ஏய்', இல்லாவிட்டால் 'இந்தா'.

17-2
பயமாத்தான் இருக்கு. சாவி போனா புள்ளைங்க எங்க போகும்? அம்மாக்காரிங்க இடுப்புல தூக்கினு நடவுக்குப் போவாளுங்களா? அனுப்பாம வெச்சிக்கினா அந்தக் கைக்குழந்தைக்காரி மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவள் மூஞ்சியை நான் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

20-2
குப்பம்மாளிடம் சொன்னேன். யோசிக்கவே இல்லை அவள். "சாவிய அவன் மூஞ்சில உட்டெறி. மாட்ட மரத்தடியில கட்டிக்கிறேன். புள்ளைங்கள எங்க மாட்டுக் கொட்டாய்க்குக் கொண்டா. ஊட்டுக்கு ஒரு பிடி அரிசி போட்டா கஞ்சி ஆச்சு."

ஸ்கேல் வைத்து எல்லாத் தாளிலும் அந்தக் கட்டத்தை அடித்தேன். என் பெயரையும் எழுதினேன். செங்கம்மாள். அவ்வளவுதான்.

1-3
நூற்று நான்கு! கும்மிடிப்பூண்டி தபாலாபீசில் ரிஜிஸ்டர் செய்து அனுப்பியாயிற்று. திரும்பும் வழியில் சாவியைத் தலைவர் வீட்டுப் படியில் வைத்தேன். "நாளைக்கே வந்து கெஞ்சுவ பாரு" என்றார்.

கெஞ்சுவேனா? போய்யா.

19-4
கொட்டாயில் இருபத்தாறு பிள்ளைகள். மாடு மரத்தடியில் நின்று எங்களை முறைக்கிறது.

மெட்ராஸிலிருந்து கடிதம். மனு போய்ச் சேர்ந்துவிட்டது. பாஸ் சீட்டு ஒழியவில்லை; இன்னும் நூறு பேர் வேண்டுமாம். கேட்பேன். பக்கத்து ஊருக்கும் போய்க் கேட்பேன்.

உறை மேல் என் பெயர் மட்டும். தபால்காரர் கலியன் இரண்டு நாளாக "யாரு செங்கம்மாள்?" என்று ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். அவருக்கு நான் பால்வாடி டீச்சர்தானே. கடைசியில் டீக்கடையில் இவரிடமே கேட்டாராம்.

இவர் கொட்டாய் வாசலில் வந்து நின்றார். அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால், "செங்கம்மா, உனக்குத் தபால்" என்றார்.

காதில் விழாத மாதிரி இருந்தேன். இன்னொரு தரம் கூப்பிட்டார்.