படிக்கட்டு அதிருது

மார்ச் 7, 1955. திங்கள்

தொண்டை கட்டி மூன்று நாளாகிறது. எலுமிச்சை, தேன், விஸ்கி, எதற்கும் மசியவில்லை. நாளை ரிக்கார்டிங். பாட்டு என்னுடையது, “படிக்கட்டு அதிருது.” மேல்வீட்டுக்காரர்கள் ஆடிக்கொண்டே படியிறங்குவதைப் பார்த்து நானே கட்டியது. யார் பாடுவதாம்?

மார்ச் 8

எர்னஸ்டீன் பாடினாள். எனக்குப் பின்பாட்டுக்கு வந்தவள்! “ஸ்டூடியோ இன்னிக்கு ஒருநாள்தான் லவோன். இவ பாடட்டும், அடுத்தது நீ” என்றார் எங்கள் பாண்டு தலைவர் பிரூடோம். நான் மூலையில் நின்று தாளத்துக்குக் கைதட்டினேன்.

மே 21

நியூ ஆர்லியன்ஸ் முழுக்க அதே பாட்டு. மீன் கடைக்காரர் இறாலை எடைபோட்டபடியே, “யாரும்மா இந்தப் பொண்ணு? கூரையைப் பிச்சுக்கிட்டுப் போவா போலிருக்கே!” என்றார். தெரியாது என்றேன்.

நன்றாகப் பாடியிருக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 12

எர்னஸ்டீன் சிவப்பு ஷூ போட்டுக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தாள். “எல்லாம் உங்களாலதான்க்கா.” சிரித்து வைத்தேன்.

இவளுக்கும் குரல் போகணும்னு காலையில சர்ச்சுல வேண்டிக்கிட்டேன். சர்ச்சுல! என்ன பொம்பளை நான்?

ஆகஸ்ட் 3

வடக்கே யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் அதே பாட்டைப் பாடிவிட்டான். வரிகளை அலசிக் காயவைத்த மாதிரி ஒரு பாட்டு. இரண்டே வாரத்தில் நாடு முழுக்க அவன் முகம். கறுப்பர்களான எங்கள் ரிக்கார்டை இப்போது ரேடியோவில் யாரும் போடுவதில்லை.

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைப்பானேன்? சந்தோஷம்தான்.

ஆகஸ்ட் 4

எர்னஸ்டீன் வந்திருந்தபோது ரேடியோவில் அவன் பாட்டு வந்தது. நான் அணைக்கப் போனேன். “இருக்கட்டும்க்கா” என்று தடுத்தாள். முடியும் வரை அசையாமல் கேட்டாள்.

“கவனிச்சீங்களா? நான் மூச்சு விட்ட இடத்துலயே அவனும் விடறான்.”

அழவில்லை. காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள்.

வரி என்னுடையதுதான். ஆனால் அந்த மூச்சு? அதை நான் கற்றுக்கொடுக்கவில்லையே. அவளே கண்டுபிடித்தது. இத்தனை மாசமா அதை ஒத்துக்க எனக்கு ஏன் வாய் வரல?

செப்டம்பர் 18

நேற்று மொபீல் நகரத்தில் கச்சேரி. கீழே நம்மவர்கள், பால்கனியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள். என் குரல் சரியாகிவிட்டதால், இனி அந்தப் பாட்டை நானே பாடுவதென்று பிரூடோமிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தேன். மைக் முன்னால் போய் நின்றதும் மேலிருந்து ஒருத்தன், “அந்தப் பையனோட பாட்டுதானே? பாடுங்க!” என்று கத்தினான்.

திரும்பிப் பார்த்தேன். எர்னஸ்டீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பையன்? இது எர்னஸ்டீன் பாட்டு” என்றேன், மைக்கிலேயே. “வாடி இங்க. வந்து பாடு.”

பிரூடோம் வாயைப் பிளந்தார். அவள் தயங்கித்தான் வந்தாள். முதல் வரியிலேயே கீழே இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், கடைசி வரி வரைக்கும் எரிந்தது. ஆனால் நான் பாடிய பின்பாட்டு மட்டும் ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை.